பின் அச்சிலிருந்து எஞ்சின் வரை

1910களில் ஃபோர்டு மாடல் டி கார் வைத்திருந்த அமெரிக்க விவசாயிக்குச் சரக்கு வண்டி தேவைப்பட்டால், புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. சிகாகோவிலிருந்து ‘ஸ்மித் ஃபார்ம்-எ-டிரக்’ என்றொரு மாற்றுத் தொகுதி விற்பனைக்கு வந்தது. கனத்த இரும்புச் சட்டம், அதன் கோடியில் பருத்த ஓர் அச்சு. காரின் பழைய பின் அச்சிலிருந்து சக்கரங்களைக் கழற்றி, அந்த இடத்தில் பல்சக்கரங்களை மாட்டுவார்கள். அங்கிருந்து சங்கிலி வழியாகப் புதிய அச்சுக்குச் சுழற்சி போகும். குடும்பம் சவாரி போன கார், மறுநாளே மூட்டை சுமக்கத் தயார். எஞ்சினை யாரும் தொடவில்லை. அதே 2.9 லிட்டர், அதே 20 குதிரைத்திறன். மாறியது எஞ்சினுக்குப் பின்னால் இருந்தவைதான்.

பிக்கப் வண்டிக்கு எஞ்சின் மாற்றுவது என்றால் பலருக்கும் முதலில் கண்ணில் நிற்பது, சங்கிலியில் தொங்கியபடி முன்பக்கம் இறங்கும் எஞ்சின்தான். ஆனால் இந்தத் தொழிலின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், வேலை தெரிந்தவர்கள் கணக்கைப் பின் அச்சிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். அப்படித் தொடங்காதவர்களின் உடைந்த பல்சக்கரங்கள் காயலான் கடைகளில் குவிந்தன.

பட்டறைகள் செய்து காட்டியதை ஃபோர்டு நிறுவனம் 1917இல் தானே செய்தது. மாடல் டிடி என்ற ஒரு டன் சேசிஸ் அந்த ஆண்டு வெளிவந்தது. அதிலும் காரின் எஞ்சின்தான். பின் அச்சில் மட்டும் வார்ம் கியர். காரில் எஞ்சின் பக்கத் தண்டு 3.64 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். டிடியில் அதற்கு 7.25 சுற்று வேண்டும். வேகம் பாதியானது, இழுவை இரட்டித்தது. 1925 ஏப்ரலில் 281 டாலருக்குத் தொழிற்சாலையிலேயே பின்தொட்டி பூட்டி வந்த மாடல் டி ரன்னபவுட்டைத்தான் ஃபோர்டின் முதல் பிக்கப் என்கிறார்கள்.

அந்தக் காலத்து உரிமையாளர்களுக்கு இரண்டு கியர் போதவில்லை. மேடு ஏற ஒன்று மிக மெதுவு, மற்றொன்று மிக வேகம். அதனால் ரக்ஸ்டெல் என்ற இருவேகப் பின் அச்சும், வார்ஃபோர்டு என்ற துணை கியர்பாக்ஸும் நன்றாக விற்றன. இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. மாடல் டியின் கால் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை; கியர்பாக்ஸுக்குள் இருக்கும் உருளையைத்தான் ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். அதற்குப் பின்னால் இன்னொரு கியர்பாக்ஸை வைத்து, இறக்கத்தில் கியர் மாற்றும்போது அது எந்தக் கியரிலும் விழாமல் நடுவில் நின்றுவிட்டால், சக்கரங்களுக்கும் எஞ்சின் பக்கத்துக்கும் தொடர்பே அறுந்துவிடும். பிரேக் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. ஆகவே விவரம் அறிந்தவர்கள் துணை கியர் வாங்கும்போதே பின் சக்கரங்களைச் சுற்றிப் பிடிக்கும் ‘ராக்கி மவுண்டன்’ பிரேக்குகளையும் சேர்த்தே வாங்கினார்கள். ஒரு பாகத்தை மாற்றினால் அதன் விளைவு எங்கே போய் முட்டும் என்று யோசிக்கும் பழக்கம், மெக்கானிக்குகளுக்கு மலைச் சரிவுகளில் உயிரைப் பணயம் வைத்துக் கிடைத்தது.

1932இல் ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தார். இரண்டு வரிசை சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்த்த 3.6 லிட்டர் வி8 அது. தொடக்கத்தில் 65 குதிரைத்திறன். 1934இல் அது 85 ஆனது. அதற்கு முந்தைய மாடல் ஏ வண்டிகளில் இருந்ததோ 40 குதிரைத்திறன் நான்கு சிலிண்டர். விபத்தில் நசுங்கிய புதிய ஃபோர்டுகள் காயலான் கடைக்கு வரத் தொடங்கியதும் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் அந்த வி8ஐக் கழற்றி, தங்கள் மாடல் ஏ வண்டிகளில் இறக்கினார்கள். மூரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் கொண்டுபோய் ஓட்டினார்கள்.

எஞ்சின் உள்ளே போனது. மற்றவை எதுவும் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. இந்த வி8இல் எரிந்த புகை வெளியேறும் வழி, எஞ்சின் வார்ப்புக்குள் தண்ணீர் ஓடும் அறைகளின் ஊடாகவே போகும். அதனால் சூடு அதிகம். மாடல் ஏ ரேடியேட்டர் அதற்குப் போதாது. பிரேக்குகள் வெறும் இரும்புக் கம்பிகளால் இழுக்கப்படுபவை. ஃபோர்டு தன் கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் தந்தது 1939 மாடலில்தான். தந்த உடனே அந்த பிரேக் தொகுதி பட்டறைகளில் தேடி வாங்கும் பொருளாகிவிட்டது. 1939ஆம் ஆண்டு ஃபோர்டு கியர்பாக்ஸின் கூட்டுக்குள் லிங்கன் ஸெஃபர் காரின் பல்சக்கரங்களைப் பொருத்தினால் கியர்களுக்கு இடையிலான தாவல் குறையும் என்பதையும் யாரோ கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலைப் புத்தகம் எதிலும் இல்லாத இத்தகைய அறிவு வாய்வழியாகப் பரவியது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் ‘ஹாட் ராட்’ இதழைத் தொடங்கிய பிறகுதான் அது பெரிய அளவில் அச்சேறியது.

போருக்குப் பின் வந்த பிக்கப்களில், இந்தக் கதைக்கு மிகப் பொருத்தமானது 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவ்ரோலே. உருண்டைத் தோள்களும் அகன்ற முகமும் கொண்ட அந்த வண்டியை இன்றும் அமெரிக்கக் கிராமங்களில் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1953 வரை அதில் இருந்தது 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். கன அங்குலக் கணக்கில் அதை 216 என்பார்கள். பிஸ்டன் தண்டுகளின் தாங்கிகளுக்கு அழுத்தத்தோடு எண்ணெய் போகாது. சுழலும்போது தெறிக்கும் எண்ணெயைத்தான் அவை அள்ளிக்கொள்ளும். வயல் வேலைக்கு அது போதும். ஆனால் 1950களில் நெடுஞ்சாலைகள் விரிந்தபோது, மணிக்கணக்கில் வேகமாக ஓட்டினால் தாங்கிகள் தேய்ந்து தட்டத் தொடங்கின.

முதல் தீர்வு அதே குடும்பத்திலேயே இருந்தது. 235 என்ற 3.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 1950களின் நடுவில் முழு அழுத்த எண்ணெய் ஓட்டத்தோடு வந்தது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பழைய பெல் ஹவுசிங்கிலேயே அது பொருந்தும். ஒரு வார இறுதியில் இரண்டு பேர் சேர்ந்து முடித்துவிடக்கூடிய வேலை. இந்த வகை வண்டிக்கு இன்றைக்கும் இதைவிடப் பொருத்தமான எஞ்சின் மாற்றம் இல்லை என்று அடித்துச் சொல்லலாம். வண்டியின் இயல்பு கெடாது. வெட்டவும் ஒட்டவும் தேவையில்லை. வேண்டாமென்றால் பழையதையே திரும்பவும் பூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் எஞ்சினை மாற்றியவர்கள் சாலையில் ஏறியதும் ஏமாந்தார்கள். புது எஞ்சினும் அதே இரைச்சல் போட்டது. குற்றம் எஞ்சினுடையது அல்ல. அரை டன் செவ்ரோலேயின் பின் அச்சு விகிதம் 4.11. ஏறக்குறைய 71 சென்டிமீட்டர் உயரமுள்ள டயர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 746 சுற்று சுற்றும். 4.11ஆல் பெருக்கினால் எஞ்சின் 3,066 சுற்று ஓடியாக வேண்டும். 3.08 விகிதமுள்ள அச்சைப் போட்டால் அதே வேகத்துக்கு ஏறக்குறைய 2,300 சுற்று போதும். காகிதமும் பென்சிலும் இருந்தால் முடியும் கணக்கு. இதைப் போடாமல் எஞ்சின் வாங்கப் புறப்பட்டவர்கள் காசைக் கொட்டியிருக்கிறார்கள்.

பின் அச்சை மாற்றுவதும் எளிதாக இல்லை. அந்த அரை டன் வண்டிகளில் சுழலும் தண்டு வெளியே தெரியாது; தடித்த குழாய் ஒன்றுக்குள் மூடிக்கிடக்கும். பின் அச்சோடு இறுகப் பூட்டிய அந்தக் குழாயின் முன்முனை கியர்பாக்ஸின் பின்புறம் பந்து மூட்டாக வந்து உட்காரும். அச்சு திமிறும்போது அதைத் தாங்குவது அந்தக் குழாய்தான். வேறு கியர்பாக்ஸ் வைத்தால் குழாய்க்கு உட்கார இடமில்லை. குழாயை எடுத்தால் அச்சைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. ஆகவே கியர்பாக்ஸ், தண்டு, பின் அச்சு மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றும் வழி கிடையாது. 1955இல் செவ்ரோலே அந்தக் குழாயைக் கைவிட்டு, இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட் கொண்ட திறந்த தண்டுக்கு மாறியது.

அதே 1955இல்தான் பொறியாளர் எட் கோல் தலைமையில் உருவான செவ்ரோலேயின் சிறிய வி8 வந்தது. 4.3 லிட்டர், காரில் 162 குதிரைத்திறன். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1949இல், காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் மேல்வால்வு வி8களை வெளியிட்டிருந்தன. ஆனால் அவை எடை மிகுந்தவை, விலையும் அதிகம். கோலின் எஞ்சினோ தகட்டை அழுத்திச் செய்த ராக்கர் கைகளும் மெல்லிய சுவர் வார்ப்புமாக, செவ்ரோலேயின் ஆறு சிலிண்டரைவிடவும் எடை குறைந்திருந்தது. முன் ஸ்பிரிங் தாழாது. பழைய பிக்கப்பின் முகத்துக்குள் அடங்கும். 1958 முதல் எஞ்சினின் இரு பக்கங்களிலும் மவுண்ட் போட வசதி வந்ததும், எந்தச் சேசிஸிலும் அதை உட்காரவைப்பது இன்னும் எளிதானது.

அதைவிட முக்கியமானது, பெல் ஹவுசிங் போல்ட் துளைகளின் அமைப்பைச் செவ்ரோலே பல பத்தாண்டுகளுக்கு மாற்றாமல் வைத்திருந்தது. 1957இன் 283, 1962இன் 327, 1967இல் வந்த 350, பெரிய வி8கள் என எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு. ஒரு காயலான் கடையில் கிடைக்கும் எஞ்சின், இன்னொன்றில் கிடைக்கும் கியர்பாக்ஸோடு சேரும். இந்த எஞ்சினைப் பரப்பியது அதன் வலிமை மட்டுமல்ல. ஊருக்கு ஊர் கிடைத்த பொருந்தும் பாகங்களும்தான். 2011இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பத்துக் கோடியாவது சிறிய வி8ஐத் தயாரித்தது.

வி8 உள்ளே போன பிறகு உடைந்தது பின் அச்சு. கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பிக்கப்களில் கூடுதல் விலைக்குக் கிடைத்த எஸ்எம்420 என்ற நான்கு கியர் பெட்டியின் முதல் கியர் 7.05. பின் அச்சு 4.11. இரண்டையும் பெருக்கினால் 29. எஞ்சின் தரும் முறுக்கு விசை, பின் அச்சுத் தண்டுகளைச் சேரும்போது 29 மடங்காகிறது. நூறு குதிரைத்திறன்கூட இல்லாத ஆறு சிலிண்டருக்காகச் செய்த கிரவுன்–பினியன் பல்சக்கரங்கள், அதைப்போல இரண்டு மடங்கு விசையை எவ்வளவு நாள் தாங்கும்? ஃபோர்டு 1957இல் அறிமுகப்படுத்திய ஒன்பது அங்குல அச்சு இதற்கு மருந்தாக அமைந்தது. அதில் பினியனின் உள்முனைக்கும் தனியே ஒரு தாங்கி உண்டு. கிரவுன்–பினியன் தொகுதி முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி மேசைமேல் வைத்துச் சரிசெய்யலாம். சுமைக்கு ஒரு விகிதம், நெடுந்தூரத்துக்கு ஒரு விகிதம் என இரண்டு தொகுதிகள் வைத்திருந்து மாற்றிக்கொள்ளலாம். ஃபோர்டு அதை 1986 வரை தயாரித்தது. செவ்ரோலே பிக்கப்களின் அடியிலும் ஃபோர்டின் இந்த அச்சைக் காணலாம்.

நான்கு சக்கர இழுவையிலும் வெளியார்தான் முந்தினார்கள். இண்டியானாபோலிஸின் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் 1935 முதல் ஃபோர்டு லாரிகளை நான்கு சக்கர இழுவைக்கு மாற்றித் தந்தது. மினியாபோலிஸின் நேப்கோ, ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களுக்கான மாற்றுத் தொகுதியைச் செய்தது. 1956இல் ஜிஎம்சியும் 1957இல் செவ்ரோலேயும் அதைத் தங்கள் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டன. 1959இல் ஃபோர்டும் 1960இல் செவ்ரோலேயும் சொந்தமாகவே நான்கு சக்கர இழுவைப் பிக்கப்களைச் செய்யத் தொடங்கின. நேப்கோவின் அந்த வியாபாரம் அத்தோடு ஒடுங்கியது. இத்தகைய வண்டியில் எஞ்சின் மாற்றுவது இன்னும் கடினம்: எண்ணெய்த் தொட்டி முன் அச்சின் மீது இடிக்கக் கூடாது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்கு அங்குலம் பின்னால் போனால் ஒரு தண்டு நீள வேண்டும், மற்றொன்று குறுக வேண்டும், ஜாயின்ட்களின் சாய்வு கூடினால் வண்டி நடுங்கும்.

1970களின் எண்ணெய் நெருக்கடி இந்த வரலாற்றில் ஒரு தலைகீழ் அத்தியாயத்தைச் சேர்த்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1978இல் ஓல்ட்ஸ்மொபீலின் 5.7 லிட்டர் டீசல் வி8ஐக் கார்களுக்கும் அரை டன் பிக்கப்களுக்கும் தந்தது. எஞ்சின் வார்ப்பு உறுதியானதுதான். ஆனால் பெட்ரோல் எஞ்சினின் உற்பத்திக் கருவிகளையே பயன்படுத்தியதால், ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டையும் பிடித்திருந்தவை அதே பத்து போல்ட்கள். டீசலின் அழுத்தத்துக்கு அவை போதவில்லை. போல்ட் நீண்டது, கேஸ்கட் போனது, தண்ணீர் உள்ளே இறங்கியது. டீசலில் கலந்த நீரைப் பிரிக்கும் வடிகட்டியும் இல்லாததால் பம்புகள் துருப்பிடித்தன. ஏராளமானோர் டீசலைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோல் வி8ஐப் பூட்டிக்கொண்டார்கள். அப்படி எறியப்பட்ட வார்ப்புகளைப் பந்தயக்காரர்கள் பொறுக்கிப்போய், அவற்றின் உறுதிக்காகவே வலிமையான பெட்ரோல் எஞ்சின்களாக மாற்றிக்கொண்டதும் நடந்தது. அந்த டீசலால் அமெரிக்கக் கார் வாங்குவோர் டீசல் என்ற பெயரையே பல ஆண்டுகள் வெறுத்தார்கள்.

பிக்கப்களில் அந்த வெறுப்பைத் துடைத்தது டிராக்டர்களிலும் கட்டுமான இயந்திரங்களிலும் உழைத்துவந்த ஓர் எஞ்சின். கம்மின்ஸின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசலை 1989 மாடல் பிக்கப்களில் டாட்ஜ் பொருத்தியது. 160 குதிரைத்திறன் பெரிதாகத் தோன்றாது. 542 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைதான் விஷயம். எஞ்சினின் எடை ஏறத்தாழ 500 கிலோ. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுற்றுக்கு மேல் அது ஓடாது. டாட்ஜின் பொறியாளர்கள் பின் அச்சுக்கு 3.07, 3.54 போன்ற விகிதங்களைத் தேர்ந்ததன் காரணம் அதுதான். மேலே பார்த்த பழைய செவ்ரோலேயில், 4.11 அச்சோடு இந்த எஞ்சினை இறக்கினால், தண்டை எஞ்சினைவிட வேகமாகச் சுழற்றும் ஓவர்டிரைவ் கியர் இல்லாத கியர்பாக்ஸில் மணிக்கு 82 கிலோமீட்டரோடு வண்டி நின்றுவிடும்.

இதன் தம்பியான 3.9 லிட்டர் நான்கு சிலிண்டர் கம்மின்ஸ், ரொட்டி விநியோக வேன்களில் ஆண்டுக்கணக்காக உழைத்தது. 105 குதிரைத்திறன், சுமார் 340 கிலோ எடை. வேன்கள் ஓய்வு பெற்று ஏலத்துக்கு வந்தபோது, பிக்கப் மற்றும் ஜீப் வைத்திருந்தவர்கள் எஞ்சினுக்காகவே அவற்றை வாங்கினார்கள். எரிபொருள் மிச்சம், நீண்ட ஆயுள் இரண்டும் உண்மை. வண்டியின் கண்ணாடி வரை எட்டும் அதிர்வும் உண்மை. மெல்லிய சேசிஸ் கொண்ட சிறிய பிக்கப்புக்கு இந்த எஞ்சின் பொருத்தமே இல்லை. அப்படிச் செய்த வண்டிகளில் முன் ஸ்பிரிங், ஸ்டீயரிங், பிரேக் எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, மிச்சம் பிடித்த டீசல் காசு அந்தச் செலவிலேயே கரைந்துபோகும்.

1980களில் நுட்பமான ஒரு தீர்வும் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல்களில் தந்த 700ஆர்4 என்ற தானியங்கி கியர்பாக்ஸின் நான்காவது கியர் 0.70. அதைப் பூட்டினால், 4.11 விகிதத்தை மாற்றாமலேயே 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,146 சுற்றுக்கு இறங்கிவிடும். மேடு ஏறப் பழைய இழுவை, சமவெளியில் புதிய நிதானம். பழைய பிக்கப்பை அன்றாடம் ஓட்ட விரும்பியவர்களுக்கு எஞ்சினைவிடப் பெரிய வரமாக வந்தது இந்த ஓவர்டிரைவ்தான்.

1997இல் செவ்ரோலேயின் கார்வெட் காரில் எல்எஸ்1 என்ற புதிய வி8 எஞ்சின் வந்தது. 1999 சில்வராடோ பிக்கப்களில் அதன் இரும்பு வார்ப்பு உறவினர்களான 4.8, 5.3, 6.0 லிட்டர் எஞ்சின்கள் வந்தன. 5.3இன் தொடக்கத் திறனே 270 குதிரைத்திறன். லட்சக்கணக்கில் விற்றதால் காயலான் கடைகளிலும் அதற்கேற்பக் கிடைத்தன. பழைய கியர்பாக்ஸோடும் சேர்க்கலாம். ஆனால் கிராங்க் தண்டின் பின்முனை பழைய எஞ்சினைவிடச் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும். அந்த இடைவெளிக்கு ஈடாக ஒரு வளையம் வைக்காவிட்டால் ஃப்ளைவீலும் கியர்பாக்ஸும் சரியாகச் சந்திக்காது. கார்புரேட்டருக்கு ஆறேழு பிஎஸ்ஐ அழுத்தம் தந்த பெட்ரோல் பம்ப், 58 பிஎஸ்ஐ கேட்கும் இந்த எஞ்சினுக்கு உதவாது. கணினிப் பெட்டியும் வயரிங்கும் எஞ்சினோடு சேர்ந்தே வர வேண்டும். ஸ்பானர் பிடித்த கை, இப்போது வயரிங் வரைபடத்தையும் படித்தாக வேண்டியிருந்தது.

கலிஃபோர்னியாவில் சட்டமும் கூடவே வந்து நின்றது. மாற்றிப் பூட்டும் எஞ்சின் வண்டியின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அனைத்தும் கூடவே இருக்க வேண்டும். அரசு நியமித்த நடுவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். 1975 மாடல் வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஆண்டு வரையிலான பிக்கப்களை அங்கே எஞ்சின் மாற்றுவோர் விரும்பித் தேடுவதற்கு இது ஒரு வலுவான காரணம். விதி கடுமையானதுதான், ஆனால் நியாயமானது: புதிய எஞ்சினைப் போட்டுவிட்டு அதன் புகை வடிகட்டியை மட்டும் கழற்றி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பின்னர் தொழிற்சாலைகளே இந்த வேலைக்கு முன்வந்தன. 2019இல் செவ்ரோலே, 1962 மாடல் சி10 பிக்கப் ஒன்றில் இரண்டு மின் மோட்டார்களைப் பொருத்திக் காட்டியது. 2021 நவம்பரில் ஃபோர்டு, 1978 மாடல் எஃப்-100 பிக்கப் ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. மஸ்டாங் மாக்-ஈ காரின் இரண்டு மோட்டார்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று; மொத்தம் 480 குதிரைத்திறன். கியர் மாற்றும் பெட்டியும் நீண்ட தண்டும் இல்லை. பழைய வண்டியின் உடல் உட்கார்ந்திருந்தது புதிதாகச் செய்த சேசிஸின் மேல். அந்த மோட்டாரை எவரும் 3,900 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஃபோர்டு அறிவித்தது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் அந்த விலையில் சேரவில்லை. அவற்றை வாங்குபவரே தேடிப்பிடித்து, பேட்டரியின் எடையை எந்த அச்சின் மீது எவ்வளவு ஏற்றுவது, அதற்கு எந்த ஸ்பிரிங், எந்த பிரேக் என்று கணக்குப் போட்டாக வேண்டியிருந்தது.